வேறிடத்தில் நின்ற பாலம்

பாலம் கட்டும் படைப்பிரிவின் வரலாற்றை எழுதிவந்த பெண் கேப்டனுக்கு, பிரிவின் பழைய நாட்குறிப்பில் பதினோரு நாட்கள் காலியாக இருந்தது உறுத்தியது. அப்போது அந்தப் பிரிவில் இருந்த ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டார்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதை ஏம்மா கேக்கறீங்க? வரைபடத்தைத் தப்பாப் பாத்து, ரெண்டு மைல் தள்ளிப் பாலத்தைக் கட்டித் தொலைச்சிட்டோம். மானம் போயிடும்னு மேலதிகாரி எழுதாம விட்டுட்டார்."

"அப்புறம் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிக்கத்தான் போனோம். அப்போ அக்கரையிலேர்ந்து ஒரு பிள்ளைத்தாச்சியைக் கட்டிலோட தூக்கிட்டு, அந்தப் பாலத்து மேலயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் ஸ்பேனரைத் தொடலை. இன்னும் நிக்குது."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "இதை எழுதிடவா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதுங்கம்மா. எங்க எல்லார் பேரையும் போட்டே எழுதுங்க."