மேவிஸ் அம்மாள் திருடிய பேஸ்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் நூலகத்தில் குளிர்காலம் முழுக்கப் பெரியவர்களுக்கு பேஸ்பால் வாசிப்புப் போட்டி. சுவரில் மைதானத்தையும் ஆட்டக்காரர்கள் சுற்றி ஓடும் அதன் நான்கு மூலைகளான பேஸ்களையும் வரைந்து, ஆளுக்கொரு காகிதப் பொம்மை குத்தி வைத்தேன். ஒரு புத்தகம் படித்தால் பொம்மை ஒரு பேஸ் நகரும்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மேவிஸ் அம்மாள், பூட்ஸ் பனியை உதறிவிட்டு வந்து தன் பொம்மையை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார்.

"எந்தப் புத்தகம் படிச்சீங்க?"

"எதுவும் படிக்கல. பேஸைத் திருடிட்டேன். பேஸ்பால்ல அது தப்பா, கண்ணு?"

தப்பில்லை. எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது ஆட்டத்தில் உள்ளதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிடிச்சுட்டா அவுட்தானே?"

"ஓடுறப்ப பந்தால என்னைத் தொடணும். அப்பதான் அவுட்."

மறுவாரம் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பந்துக்குப் பதிலாக, இருப்பதிலேயே தடிமனான நாவல் கையில். அவர் பொம்மையைத் தூக்கியதும் பாய்ந்துபோய் நாவலால் தோளைத் தொட்டேன்.

"அவுட்."

கனம் தாங்காமல் நாவல் கை நழுவித் தரையில் விழுந்தது.

மேவிஸ் அம்மாள் குனிந்து பார்த்தார். "பந்தைக் கீழ போட்டுட்டியே. அப்ப நான் அவுட் இல்ல."

பொம்மையை மூன்றாவது பேஸில் குத்திவிட்டு, ஆயிரத்து நூறு பக்க நாவலை ஒரே எட்டில் தாண்டிப் போனார்.