கேப்டன் படை

என் அக்கா புருஷனுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு திடீரென்று கால் முளைத்தது. அதுவரை அவர் நடந்ததெல்லாம் கடை வாசலிலிருந்து கார் வரைக்கும்தான். குளியலறைச் சாமான் விற்கும் பெரிய கடை அவருடையது. குழாய், வாஷ்பேசின், டைல்ஸ், கமோடு எல்லாம் மூன்று மாடியில் பளபளவென்று இருக்கும். ஒருநாள் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது என்று டாக்டரிடம் போனார். தினமும் கொஞ்சம் நடங்கள் என்றார் அவர். வேறு யாராவது என்றால் நடந்துவிட்டுப் போயிருப்பார்கள். அத்தான் சைக்கிள் வாங்கினார். கூடவே தொப்பையை அளவெடுத்துக் காட்டும் இறுக்கமான சட்டை, பூச்சிக் கண் மாதிரி கறுப்புக் கண்ணாடி, கோழிக் கொண்டை போல ஒரு ஹெல்மெட். சில மாதங்களில் கடை வாசலில் பேனரும் ஏறிவிட்டது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, குடும்பத்தோடும் நண்பர்களோடும், சைக்கிளில்.

குடும்பம் என்றால் என் அக்கா. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவள். நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். கையில் கட்டியிருந்த கடிகாரம் அவர் நாடித்துடிப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதை அவர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் மெத்தைக் கடைக்காரர். அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எல்லோருக்கும் அவர் 'மெத்தை'தான். கடையை வைத்து வந்த பெயரா, உடம்பை வைத்து வந்த பெயரா என்று கேட்டால் அவரே முதலில் சிரிப்பார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேன் ஓட்டத் தெரியும். இந்த இரண்டும் போதும் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார்.

"உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? லீவு போட்டுட்டு வா. நீதான் நம்ம சப்போர்ட் வண்டி."

அவருக்காக நான் வரவில்லை. அக்கா ஃபோனில் "நீ வந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்டி" என்றாள். அதற்காகத்தான் வந்தேன்.

வேனின் இரண்டு பக்கமும் கடை விளம்பரம் ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளைக் கமோடு, பக்கத்தில் ஹெல்மெட்டோடு அத்தான், கட்டை விரலை உயர்த்திக்கொண்டு. முதல் நாள் டீக்கடையில் நிறுத்தினோம். கல்லாவில் இருந்த அம்மாள் படத்தையும் பார்த்தாள், வியர்த்து வழிந்து வந்து நின்ற அத்தானையும் பார்த்தாள்.

"பின்னாடி இருக்கு, போயிட்டு வாங்க. பாவம், அவ்வளவு தூரத்துல இருந்தா அடக்கிட்டு வர்றீங்க?" என்றாள்.

மெத்தை டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தன்னை இனிமேல் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அறிவித்தார். ஒரு குழு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டுமாம். பல் டாக்டர் உடனே "எஸ் கேப்டன்" என்றார். படித்த மனுஷன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரே கூத்துதான். காலையில் லாட்ஜ் வாசலில் கேப்டன் படையை வரிசையில் நிற்க வைத்து உரையாற்றுவார். கேப்டன் முன்னால் போவார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா. "என் பின்னாடியே வா, உனக்குக் காத்து அடிக்காது" என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவர் பையிலிருந்து விழும் கைக்குட்டை, பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறங்கி இறங்கிப் பொறுக்குவதற்குத்தான் அவளுக்கு அந்த இடம். பல் டாக்டர் நாடித்துடிப்பு சொன்ன வேகத்தில் போவார். எல்லோருக்கும் பின்னால், கண்ணுக்கே தெரியாத தூரத்தில், மெத்தை.

மெத்தை எந்த ஊருக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. நாங்கள் குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு சட்டை முழுக்க உப்புப் பூத்து, புன்னகையோடு வந்து சேருவார். வழியில் யாருடைய வண்டியையோ தள்ளிவிட்டிருப்பார். இல்லையென்றால் ஏதாவது மரத்தடியில் யாரோடாவது பேசிக்கொண்டிருந்திருப்பார். "சாரி கேப்டன்" என்பார். கேப்டன் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பாதி நாட்டைத் தாண்டியதும் மலை வந்தது.

நான் வேனை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் கேப்டன் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"செயின்ல ஏதோ சத்தம் வருது. மேல போய்ப் பாத்துக்கலாம். கதவைத் திற."

சைக்கிளை உள்ளே ஏற்றினோம். அத்தான் சீட்டில் உட்காரவில்லை. பெட்டிகளுக்கு நடுவே தரையில் படுத்துக்கொண்டார்.

"டாக்டர் முன்னாடி போறான். அவன் கண்ணுல பட வேணாம். தப்பா நினைச்சுக்குவான்."

"செயின் ரிப்பேர்ல தப்பா நினைக்க என்ன இருக்கு அத்தான்?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

வழியில், அவரை முந்திப் போயிருந்த அக்காவைத் தாண்டினேன். அவள் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, நிற்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவே நீட்டியிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். பிறகு மறுபடி ரோட்டைப் பார்த்தாள்.

உச்சிக்கு ஒரு வளைவு முன்னால் அத்தான் இறங்கினார். பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார், வியர்வைக்காக. செயின் வாய் திறக்கவே இல்லை. உச்சியில் பெயர்ப் பலகைக்கு முன்னால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஏறி வந்த அக்காதான் படம் எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க, முகம் மறையுது" என்று அவளே சொன்னாள்.

அவள் தனியாக இருக்கும்போது கேட்டேன். "பாத்தே இல்ல?"

"விடுடி. மனுஷன் சந்தோஷமா இருக்காரு."

அத்தானை எனக்கு எப்போதும் பிடிக்காது, அதனால் அவர் செய்தது எனக்குப் புதிதில்லை. அக்கா சொன்னதுதான் உள்ளே போய் அறுத்தது. மலையைக் காலால் ஏறியவள் அவள்.

மறுநாள் காலை லாட்ஜ் சாப்பாட்டு அறையில் கேப்டன் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். மெத்தை அப்போதுதான் வந்து உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு கஷ்டமான விஷயம் பேசணும்" என்றார் கேப்டன். "நம்ம வேகம் பத்தாது. எல்லாருக்கும் காரணம் தெரியும். நான் சர்வாதிகாரி இல்ல. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கலாம். மெத்தை பஸ் புடிச்சு வீட்டுக்குப் போறது நல்லதுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

பல் டாக்டரின் கை முதலில் போனது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க ஹார்ட்டையும் யோசிக்கணும் இல்ல" என்றார். கேப்டன் கை தூக்கினார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு கையால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினாள். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஜாம் ஒட்டிய கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு மெத்தையும் கை தூக்கினார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேன் கேப்டன். எனக்காக எல்லாரும் காத்திருக்கறது எனக்கே சங்கடமா இருந்துச்சு."

என் கை மேஜை மேல் இருந்தது. நான் தூக்கவில்லை.

அவரைப் பஸ் நிலையத்தில் விடுவது என் வேலை. படைக்கென்று கேப்டன் தைத்துக் கொடுத்திருந்த சட்டையை மெத்தை துவைத்து, மடித்து, என்னிடம் கொடுத்தார். "இதை அவன்கிட்ட குடுத்துடுங்க, வேற யாருக்காவது ஆகும்" என்றார். அந்தச் சட்டைக்குள் மூன்று பேர் நுழையலாம். வேறு யாருக்கு ஆகப்போகிறது?

வேனில் போகும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ரோஷமே கிடையாதா? உங்களைத் துரத்துறாங்க, நீங்களும் சேந்து கை தூக்குறீங்க?"

"அவன் என்னை இதுவரைக்கும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லம்மா. இதுக்குக் கூப்பிட்டான், வந்தேன். போகச் சொன்னான், போறேன்."

"நான் கை தூக்கல. அதையாவது கவனிச்சீங்களா?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனிச்சேன். கை தூக்கல. வாயும் திறக்கலயேம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்திக்காட்டும் ஆள் இல்லை அவர். அதனால்தான் எனக்கு எரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் சின்னக் கதவில் பக்கவாட்டில் நுழைந்து ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததும் எனக்குக் கை காட்டினார். இந்த மனுஷனெல்லாம் எனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று திட்டிக்கொண்டே வேனைத் திருப்பினேன்.

அன்று சாயங்காலம் அடுத்த ஊர் லாட்ஜில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்து அத்தானின் காலுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நாட்டுக்கெல்லாம் குழாய் விற்கிறவரின் பெண்டாட்டி, ஒழுகும் குழாயில்.

"எப்படிக்கா கை தூக்கினே? அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினாரு?"

"எனக்கு என்ன பண்ணினாரு? தண்ணி பாட்டில் கொண்டு வந்து குடுத்தாரு. பஞ்சர் ஒட்டிக் குடுத்தாரு."

"அப்புறம்?"

அக்கா காலுறையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"அவராவது வீட்டுக்குப் போகட்டுமேன்னுதான்டி தூக்கினேன். எனக்கு யாரு தூக்குவா சொல்லு?"

இருபத்தைந்து வருஷமாக இவளை மண்ணு என்று நினைத்திருந்தேன். மண்ணுதான். ஆனால் அந்த மண்ணு இப்படியும் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். அதிலும் பாதி அத்தானுடையது.

மறுநாள் காலை ஆண்கள் இருவரும் வேகமாகப் போய்விட்டார்கள். மெத்தைதான் இல்லையே, வேகத்தைக் காட்ட வேண்டாமா? நான் லாட்ஜ் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் ஒரு மர நிழலில் அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னக்கா?"

"பின் சக்கரத்துல காத்து இல்ல."

குனிந்து அழுத்திப் பார்த்தேன். சக்கரம் கல் மாதிரி இருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. காத்தே இல்ல" என்றேன்.

சைக்கிளை ஏற்றினேன். அக்கா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வேனைத் திருப்பி வந்த வழியே ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனோம். பிறகு ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி. அவர் பிரஷர் மாத்திரை வண்டியில இருக்கு."

"மருந்துக் கடையில கிடைக்கும்."

"டாக்டர் பெட்டியும் இருக்கு. அதை எடுத்துட்டுப் போறது திருட்டு மாதிரி ஆயிடும்."

"அந்த டாக்டருக்கா பாக்குறே? நேத்து ஒரு மனுஷனைக் கை தூக்கியே துரத்தினாரே, அப்ப நியாயம் ஞாபகம் வரல?"

"திருப்புடி, பாவம்" என்றாள். இதுதான் என் அக்கா. வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, பீரோ சாவியை மறந்துவிட்டேனே என்று உள்ளே ஓடுவாள். திருப்பக்கூடாது என்ற பிடிவாதத்தில் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அவர்களுடைய பெட்டிகளை எல்லாம் இறக்கி அங்கிருந்த மேனேஜரிடம் ஒப்படைத்தோம். அக்கா ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கினாள். மாத்திரை டப்பாவை மேலே வைத்தாள். அதற்குள் ஃபோன் அடித்தது. அத்தான் கத்தியது எனக்கே கேட்டது.

"வண்டி எங்க? தண்ணி இல்லாம நிக்கிறோம்!"

"பங்க்ல உங்க சாமானெல்லாம் வச்சிருக்கேங்க" என்றாள் அக்கா, மளிகைக் கடைக்கு ஆள் அனுப்புகிற குரலில். "நாங்க வந்த ரோட்டுலயே, இடது பக்கம். மாத்திரை மேலயே இருக்கு. தொடை இடுக்குல தடவுற க்ரீம் அதுக்குக் கீழ. டாக்டருக்கும் குடுங்க, அவரும் கால அகட்டிதான் நடக்கறாரு. நான் ஊருக்குப் போறேன்."

பங்க் மேனேஜர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

அவர்கள் வேறு வேன் பிடித்து மறு கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எவ்வளவு தூரம் மிதித்தார்கள், எவ்வளவு தூரம் பெட்டிகளுக்கு நடுவே படுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கடையில் இப்போது கடற்கரைப் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு பேர், நான்கு கட்டை விரல்கள்.

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றும் மறுநாளும் தூங்கினாள். அடுத்த வாரம் அத்தான் அழைத்துப் போக வந்தார். என் கூடத்தில் நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்தார். புண் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

"கடையில எல்லாரும் கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?" என்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, அதையும் கேட்கவில்லை.

அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். நான் சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டேன்.

"இன்னைக்கு முழங்கால் வலிக்குதுங்க. நாளைக்கு வர்றேன்" என்றாள்.

அவர் போய்விட்டார். மறுநாள் ஃபோன் செய்தார். அக்கா அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். வீக்கம் வடிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவள் நானே, முட்டியில் ஒன்றுமில்லை. இப்போதும் ஃபோன் வந்தால் சிணுங்கலே இல்லாமல், மரியாதையாக, "நாளைக்கு வர்றேங்க" என்கிறாள். பிறகு டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். என் அக்காவை நம்ப முடியாது.