இஸ்மாயிலின் வலது தோள்

என் தம்பி கௌதமுக்கு பைக் பந்தயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், மனை பிரித்தும் யாரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட் ரோட்டுக்குப் போய்விடுவான். ரோட்டின் கடைசியில், ஓரமாக ஒரு தண்ணீர் கம்பெனியின் இரும்பு கேட். அதைத் தாண்டித்தான் பிரேக் பிடிப்பார்கள். நானும் கூடவே போவேன். விழுந்தால் தூக்கிப் போக ஓர் ஆள் வேண்டாமா? ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அம்மாவுக்கு, நாங்கள் திருவேற்காடு கோயிலுக்குப் போவதாக நினைப்பு. திரும்பும் வழியில் குங்குமம் வாங்கிப் போய் அவள் நெற்றியில் வைப்பேன். அந்த ஆத்தாதான் மன்னிக்க வேண்டும்.

கொடி காட்டுவது அவன் சிநேகிதன் இஸ்மாயில். கர்சீப்பை உயர்த்திப் பிடிப்பான். அது இறங்கினால் வண்டிகள் பாயும். ரோடு நீளம் கம்மி, முதலில் கிளம்புகிறவன்தான் ஜெயிப்பான். அதனால் மாதக்கணக்காக இஸ்மாயிலை எதிரே நிற்க வைத்து, கிளம்புவதை மட்டுமே பழகினான் கௌதம். எதிர்த்து ஓட்டும் வெங்கட்டின் வண்டி இவனுடையதைவிடப் பெரியது. வெங்கட் வந்து சேர்ந்ததோ போன மாதம்தான். கௌதமிடம் ஒவ்வொரு தடவையும் தோற்றான்.

"எப்படிடா?" என்று ஒருநாள் கௌதமைக் கேட்டேன்.

"கர்சீப்ப யாருக்கா பாத்தா? அது எறங்கற வரிக்கும் குந்திகினு இருந்தா தோத்துருவேன். கைய எறக்கறதுக்கு முன்னாடி இஸ்மாயிலுக்கு வலது தோள் லேசா தூக்கும். அத்த பாத்தா போதும், நான் நெனைக்கவே வாணாம். கை தானா கிளட்ச்ச வுட்டுரும்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்டா," என்றேன்.

"ஆனைக்கு பிராக்டிஸ் இல்லக்கா," என்று சிரித்தான் கடங்காரன்.

போன ஞாயிறு அந்த கேட் பாதி திறந்திருந்தது. எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். இஸ்மாயிலிடம் சொன்னேன்.

"பெருக்கறதுக்கு வந்துருப்பாங்கக்கா. ஞாயித்துக்கெழம லாரி எடுக்க மாட்டானுங்க," என்று சொல்லிவிட்டு ரோட்டின் நடுவில் போய் நின்றான்.

எனக்கு மனசு ஆறவில்லை. வண்டிகளுக்குப் பின்னால் நின்று கேட்டையே பார்த்தேன். கௌதமும் வெங்கட்டும் வண்டியை முறுக்கினார்கள். கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற இஸ்மாயில் கர்சீப்பை உயர்த்தினான். அப்போதுதான் ஒரு டேங்கர் லாரியின் முகப்பு கேட்டுக்கு வெளியே நீண்டது.

வண்டிச் சத்தத்தில் என் கத்தல் எடுபடவில்லை. பின்னால் பார், பின்னால் பார் என்று இஸ்மாயிலுக்கு இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினேன். நல்ல பையன், உடனே புரிந்துகொண்டான். கர்சீப்பை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். திரும்பும்போது அவன் வலது தோள் லேசாகத் தூக்கியது.

கௌதம் போய்விட்டான்.

ரோட்டின் கடைசியில் இரும்போடு இரும்பு மோதியது. நான் ஓட ஆரம்பித்தேன். கோட்டிலேயே காலை ஊன்றி நின்றிருந்த வெங்கட் ஒன்றும் விளங்காமல் என்னைக் கேட்டான்.

"அவன் ஏங்கா போனான்? கர்சீப்பே இன்னும் எறங்கலியே."