அண்ணன் பாட்டுக்கு அண்ணி கட்டிய கார்டுகள்

என் அண்ணனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இயந்திரம் சுற்றச் சுற்ற அவன் பாட்டுக்கு ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பான். வீட்டிலும் அதேதான். அவனே போட்ட மெட்டு. வார்த்தை கிடையாது. கேட்டால் எங்கோ பாலைவனத்தில் ஒட்டகம் போவது போலிருக்கும். அண்ணன் ஒட்டகத்தைப் படத்தில்கூட நிதானமாகப் பார்த்தவனில்லை. அந்த மெட்டு எங்கிருந்து வந்து அவன் வாயில் உட்கார்ந்ததோ!

ஆண்டு விழாவில் அதைப் பாடச் சொல்லி கூட வேலை செய்பவர்கள் பிடித்துத் தள்ளினார்கள். ஒத்திகையில் கீபோர்டு வாசித்தவர் பேக்கிங் பிரிவுக்காரர். பேச்சுக்குப் பேச்சு சுருதி, சுருதி என்பதால் அவர் பெயரே சுருதி ஆகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு இடத்துல உங்க சுரம் இறங்கிடுது. எந்த கார்டு வச்சாலும் இடிக்குது. அந்த ரெண்டை மட்டும் கொஞ்சம் ஏத்திப் பாடுங்களேன்" என்றார் அவர். கார்டு என்றால் மெட்டுக்குத் துணையாகச் சேர்த்து அமுக்குகிற சுரக்கூட்டு.

அண்ணன் ஏற்றிப் பாடிப் பார்த்தான். வேறு யாரோ பாடுவது போலிருந்ததாம். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அதோடு முனகலும் நின்றது. சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தான்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை அரைத்து பிரேமில் பொருத்துகிறவர். பொடி ஸ்க்ரூக்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒரு வருடமாக யுகுலேலே பழகிக்கொண்டிருந்தார். கிதாருக்குத் தம்பி மாதிரி, நாலே தந்தி. விஷயத்தை அண்ணனிடமிருந்து பிடுங்கிக் கேட்டதும் அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. யுகுலேலேயை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உனக்கு அந்த மெட்டு தெரியும்ல? முனகு."

"அண்ணி, என் குரலைக் கேட்டா பக்கத்து வீட்டுல கதவைச் சாத்துவாங்க."

"சாத்தட்டும். நீ முனகு."

எத்தனை வருடம் கேட்ட மெட்டு! நான் முனகினேன். அண்ணி ஒவ்வொரு சுரமாகத் தந்தியில் தேடிப் பிடித்து, லென்ஸில் குறி வைக்கும் பேனாவால் தந்திக்கு அடியில் இருக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். மொத்தம் ஏழு சுரம். இரண்டாவதும் ஆறாவதும் நாம் எதிர்பார்ப்பதைவிட அரைப் படி கீழே நின்றன. என்னைத் திரும்பத் திரும்ப முனகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே இடம்தான்.

"பார்த்தியா? உங்கண்ணன் தப்பா பாடல. அந்தப் பாட்டோட ஏணியே வேற. சுருதி தன் வீட்டுச் சாவியைப் போட்டு நம்ம கதவைத் திறக்கப் பார்த்திருக்காரு."

பிறகு அந்த ஏழு சுரத்திலிருந்தே கார்டுகளைக் கட்ட ஆரம்பித்தார். ஒன்றை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை எடுத்து, இப்படி மூன்று சுரத்தைச் சேர்த்து ஒலிக்க விடுவது. அந்த ஏழைத் தாண்டி வெளியே ஒரு சுரத்தையும் தொடவில்லை. முதல் கார்டுக்கு மோதிர விரல் மட்டும் போதும். அப்படியே ஆள்காட்டி விரலை மேல் தந்தியில் வைத்தால் இன்னொன்று. அது பாதிப் படியில் கால் தொங்குகிற மாதிரி ஒலித்தது. நடுவிரலையும் சேர்த்தால் துக்கமாக ஒன்று. முதல் கார்டை அப்படியே ஒரு கட்டம் நகர்த்தினால், அந்த ஒட்டகம்! இருக்கிற விரலை எடுக்காமல் ஒவ்வொரு விரலாகச் சேர்த்துக்கொண்டே ஒருவர் ஒரு பாட்டுக்கு வீடு கட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் குளியலறையில் ஷேவ் செய்துகொண்டிருந்தான். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து அந்த மெட்டு, முதலில் சன்னமாக, அப்புறம் முழுக்குரலில். பாடிக்கொண்டே வெளியே வந்தான். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"இடிக்கவே இல்லையே!" என்றான்.

"ஏன் இடிக்கணும்? எல்லாம் உங்க சுரம்தாங்க."

அண்ணன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஒத்திகைக்கு அண்ணியும் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். சுருதி கையைக் கட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கியவர், பாதியில் எழுந்து வந்து அண்ணியின் விரல்களுக்கு முன்னால் குனிந்தார்.

"அக்கா, அந்த நகர்த்தலை இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார். சுருதி கீபோர்டில் அதைத் தேடிப் பிடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பாட்டைத் திருத்தப் பார்த்தேன். கார்டைத்தான் மாத்தியிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

விழாவில் அண்ணன் பாடினான். அடுப்புப் பிரிவு, டெலிவரி ஓட்டுநர்கள், கேன்டீன் ஆட்கள் எல்லோரும் கரண்டிச் சத்தம்கூட இல்லாமல் கேட்டார்கள். கைதட்டல் அவனுக்குத்தான் போனது. நான் மட்டும் அண்ணியின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் சுருதி கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐந்தாவது சுரத்தின் மேல் கட்டிய கார்டு நொண்டுகிறது, விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. நொண்டுவதுதான் அதற்கு அழகு என்பது அண்ணி கட்சி. சாயங்காலம் முழுக்க விடாமல் வாசித்து வாசித்துச் சண்டை போட்டார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணன், "நான் பாடவா, இல்ல எழுந்து போகவா?" என்றான்.

"இருங்க" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.