இரண்டு கிளாம்ப்

பிரகாஷ் உடைந்த நாற்காலியை ஆசாரியின் பட்டறை வாசலில் இறக்கி வைத்தான். மழித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவன் தாய் கோவிந்தம்மாளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"ஒட்டிக் குடுங்கண்ணா. அம்மா ஆசையா செய்யச் சொன்னது. தூக்கிப் போட மனசு வரல."

ஆசாரி ஆதிகேசவன் கழன்றிருந்த பின்னங்காலைக் கையில் எடுத்தார். "உன் வீட்டுக்காரி யுவஸ்ரீ எங்கப்பா?"

"மணவூர்ல, அவ அம்மா வீட்ல. இனிமே அங்கியே கெடக்கட்டும். மேடுபள்ளத்துல நாற்காலியப் போட்டு அம்மாவ குந்த வச்சுட்டு, போன்ல பேசிகினு இருந்திருக்கா. கவுந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சி ஒரு மாசம் கத்திகினே செத்தாங்க."

ஆதிகேசவன் காலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பசை பிடித்திருந்தால் உடையும்போது மரத்தின் நார் கிழிந்து வரும். இதில் ஒரு நார்கூட இல்லை. பசை பாலாடைபோல வழவழவென்று தனியாகக் காய்ந்திருந்தது.

அந்த நாற்காலியை அவர் செய்து ஒட்டியது ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள். பட்டறையில் இருந்த நீளக் கிளாம்ப் இரண்டே இரண்டு. இரண்டும் ஒட்டிய நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. மறுநாள் மலையேற வேண்டிய அவருடைய காவடியில் வளைவின் ஒட்டு விட்டுப்போயிருந்தது. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டிய நாற்காலியை ஒரு மணி நேரத்தில் அவிழ்த்து, கிளாம்பைக் காவடிக்குப் போட்டார். சாமி காரியமாயிற்றே என்று நினைத்தார். முருகனைக் கேட்டிருந்தால், கிழவியின் நாற்காலி முதலில் காயட்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

இப்போது மறுபடி ஒட்டிவிட்டால் அடையாளமே இருக்காது. பசை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பிரகாசு, அந்தப் பொண்ணு மேல தப்பில்லபா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

பிரகாஷ் எழுந்தான். அடிப்பான் என்று ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். அடி விழவில்லை.

"அவ என் கால்ல விழுந்து அழுதாண்ணா. நான்தான் வெளியே தள்ளிக் கதவ சாத்தினேன்."

"வா. அந்தப் பொண்ணோட ஜனம் முன்னாடி நானே சொல்றேன்" என்றார் ஆதிகேசவன்.

மணவூரில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தார்கள். ஆதிகேசவன் அவள் வீட்டார் முன்னால் சொன்னதை யுவஸ்ரீ வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டாள்.

"தரை மட்டமாத்தான் இருந்துச்சின்னு அன்னிக்கே சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று இருவரும் நினைத்தார்கள். இரண்டு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். ஒன்றை ஆதிகேசவன் கையில் கொடுத்தாள்.

"வெயில்ல வந்துகிறீங்க. குடிங்க."

மற்றொன்றைப் பிரகாஷின் காலருகே தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.