பீரங்கிச் சத்தம் போய்வந்த ஊர்கள்

தியாகதுருகத்தில் தன் வீட்டுக் கொல்லையில் தீனதயாளன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுட்ட பீரங்கியின் சத்தம், புதன்கிழமை மூன்றேகால் மணிக்குச் சின்னசேலம் ரயில் நிலையத்தில் கேட்டது. சேலம் வண்டிக்காக நின்றிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று விசாரிக்கப் போய்விட்டார்கள். கூட்டத்தில் கள்ளக்குறிச்சி இரும்புக்கடை சாதுல்லா இருந்ததால்தான் அது யாருடைய சத்தம் என்று தெரிந்தது. "தீனா, உன் பீரங்கி சத்தம் இங்க வந்துகீதுப்பா" என்று உடனே செல்போனில் சொன்னார். "பித்தளை நான் குடுத்தது, எனக்குத் தெரியாதா?"

தீனதயாளன் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் மலைக்கோட்டையில் ஏறி, உச்சியில் கிடக்கும் பழைய பீரங்கியைத் தையற்காரர் டேப்பால் அளந்து, பத்தில் ஒரு பங்காக ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளையில் கடைந்திருந்தார். சக்கரம் வாகை மரம். கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடும் அம்மாசி ஒரு சிட்டிகை மருந்து தந்தார். திரியில் நெருப்பு வைத்ததும் புகை வந்தது, பீரங்கி பின்னால் எகிறியது, நெல்லிக்காய் அளவு மண் உருண்டை பறந்துபோய்ப் பந்தலில் தொங்கிய சுரைக்காயைத் துளைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தென்னையில் இருந்த காக்கை கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. காது போய்விட்டதோ என்று அவர் பதறியபோது, "இன்னாங்க, முடிஞ்சிச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி செந்தமிழ்ச்செல்வி கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

அடுத்த இரண்டு வருடத்தில், முதல் தடவையையும் சேர்த்து, பதினான்கு முறை சுட்டார். சத்தங்கள் பேருந்து நிற்கும் ஊராகப் பார்த்து இறங்கின. உளுந்தூர்பேட்டையில் ஒன்று வெடித்து, பரோட்டா மாஸ்டர் வீசிய மாவு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. ஐந்து சத்தங்கள் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குப் போயின. அங்கே காட்டுப்பன்றிகள் மரவள்ளிக் கொல்லைப் பக்கம் வருவதை விட்டுவிட்டதால், இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. தீனதயாளன் வேலையைப் போட்டுவிட்டுப் பேருந்து பிடித்து ஒவ்வொரு ஊராக ஓடினார். போன இடமெல்லாம் "இப்பதாங்க கேட்டுச்சு, சூப்பரு" என்றார்கள். ஊர் உலகமெல்லாம் கேட்ட சத்தத்தை, செய்தவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த ஏக்கத்தில் மனிதர் இளைத்துப் போனார், சட்டையெல்லாம் தொளதொளத்தது.

பதின்மூன்றாவது சத்தம் நோன்பு மாதத்தில் சாதுல்லாவின் தெருவுக்குப் போனது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அங்கே பள்ளிவாசலில் வேட்டுப் போடுவது வழக்கம். அதற்கு ஒன்பது நிமிடம் முன்பே பீரங்கிச் சத்தம் வந்துவிட, தெரு முழுவதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டது. அந்தச் சத்தத்தை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் சாதுல்லா. அவரும் பசியில் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். உண்மையான வேட்டு கேட்டபோது இரண்டாவது கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. பெருநாள் முடிந்து தெருவே ஒரு நோன்பை மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. "அண்ணனையும் வெக்கச் சொல்லுங்க" என்றார் சாதுல்லாவின் மனைவி அத்தியா. தீனதயாளன் மறுபேச்சில்லாமல் அன்று பச்சைத் தண்ணீர் தொடாமல் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். கஞ்சி குடித்த கையோடு, இனி சுடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

ஆனால் நோன்புக்கு முன்பே சுட்டிருந்த பதினான்காவது சத்தம் இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதை விட்டால் வேறு இல்லை. வெள்ளிமலைக்குத்தான் போகும் என்று முடிவுகட்டி, வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்க் காது கொடுத்து உட்கார்ந்தார். ஐந்து மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சோர்ந்துபோய் வீடு திரும்பியவர், சமையலறையில் இட்லி குண்டான் அடுப்பில்லாமலே குதித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மூடிமேல் பீரங்கி ஏறியிருந்தது. பீரங்கிமேல் செந்தமிழ்ச்செல்வியின் இரண்டு கைகளும் இருந்தன.

காலை பதினோரு மணிக்குச் சத்தம் சன்னல் வழியாக வந்ததாம். வெடிப்பதற்கு முன்பு கொஞ்சம் இளைப்பாறக் குண்டானுக்குள் இறங்கியிருக்கிறது. பீரங்கியைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், சட்டென்று மூடிவிட்டாள். வெயிட்டுக்குப் பீரங்கிதான் கைக்கு அகப்பட்டது. அதிலிருந்து கையை எடுக்கவில்லை, மத்தியானச் சோறும் தின்னவில்லை. கேட்டுக்கொண்டே தீனதயாளன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கை வைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"தொறந்தா முடிஞ்சி பூடுமே" என்றார்.

"தொறக்கலன்னா நாளைக்கு இட்லி எதுல ஊத்தறது?" என்றாள் அவள்.

நியாயமாகப் பட்டது. பீரங்கியை இறக்கி வைத்து மூடியைத் திறந்தார். அலமாரித் தட்டுகள் அத்தனையும் கீழே வந்தன, டியூப்லைட் அணைந்து எரிந்தது, தெருவில் போய்க்கொண்டிருந்த ஆட்டோ தானாகவே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, கடைசி முணுமுணுப்பு சுவருக்குள் இறங்கும்வரை கேட்டார். கன்னம் நனைந்திருந்தது.

"சத்தம் கொஞ்சம் கம்மியோ?"

"மூடி வெச்சதுல ஓரமா கொஞ்சம் போயிருக்கும்ங்க" என்று சொல்லி, கீழே கிடந்த தட்டுகளில் நசுங்காத இரண்டை எடுத்து அவள் சோறு போட்டாள்.

மறுநாள் அதே குண்டானில் ஊற்றிய இட்லி என்றைக்கும் இல்லாத அளவுக்கு உப்பி வந்தது. கருமருந்து வாடை லேசாக இருந்ததால் சட்னியில் ஒரு மிளகாய் சேர்த்து அரைத்தாள்.