மூச்சைப் பிடித்த மலை

எங்கள் படுக்கையறையில் ஒரு மலை எழுந்து நடந்தது. உச்சியில் நின்ற மாவீரன் உருண்டு விழுந்ததையும், பனி முழுக்க என் மூக்கில் ஏறியதையும் கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

மலை என்பது என் மனைவி. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது, இனி காலை ஊன்ற வேண்டியது அவள்தான், தள்ளிப்போட்டால் கால் விறைத்து நிரந்தரமாகப் படுக்கைதான் என்று பிசியோதெரபிக்கு வரும் பெண் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். இவளோ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். உலகத்திலேயே மிக நீளமான நாளை அவளுடையது. துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மாத்திரை, மறுபடி துடைப்பது என்று என் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. அம்பு தொடுத்தால் கடல் தாண்டிப் போயிருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ளக்கூட அலுப்பு.

அந்த அலுப்பில்தான் பேரன் விட்டுப்போன பொம்மைகளைக் கைபேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தேன். சோப்பு நுரை கடலாகும். டார்ச்சில் ஆரஞ்சு மிட்டாய்த் தாளைச் சுற்றினால் சூரியன் மறையும். கேமராவைப் பொம்மையின் முழங்காலுக்குக் கீழே வைத்தால் சுண்டுவிரல் உயர வீரன் கோபுரமாகிவிடுவான். ஆனால் தரைக்குக் குனிய என் முதுகு சம்மதிக்கவில்லை. கட்டிலுக்கு மாற்றினேன். அங்கே வெள்ளைப் போர்வைக்குள் மடக்கிய முழங்கால்களோடு ஒரு மலைத்தொடர் சும்மா கிடந்தது. மைதா மாவைத் தூவிப் பனி பெய்ய வைத்தேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று காலை அவளுடைய அண்ணன் வந்தார். நான் மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிற மச்சான். பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டதாகவும், மதியம் வண்டி வரும் என்றும் சொன்னார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு வயசு ஏறுதா, இறங்குதா?" என்றார்.

வீரனை முழங்கால் உச்சியில் நிறுத்தினேன். மலை மூச்சு விடும்போதெல்லாம் அவன் தள்ளாடினான். நானோ உத்தியோக காலம் முழுக்க எக்ஸ்ரே எடுத்தவன். ஊர்க்காரர்களை முகத்தைவிட நெஞ்சுக்கூட்டை வைத்துத்தான் அதிகம் தெரியும். பழக்கதோஷம், வாய் தானாகப் பொம்மையிடம் சொன்னது:

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க."

மலை அசைவற்று நின்றது. படம் விழுந்தது. என்ன படம் தெரியுமா, அதைப் பார்த்தால் இமயமே வெட்கப்பட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைப் பெரிதாக்கி ரசித்ததில், எங்கள் தொழிலில் யாருமே மறக்கக்கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். 'இப்ப விடுங்க' என்று சொல்லவில்லை.

போர்வை வெடித்தது. மாவு கூரைவரை பறந்தது.

"விடச் சொல்ல மாட்டீங்களா? உசுரு போனாலும் படத்தைத்தான் பார்த்துட்டு இருப்பீங்களா?"

முகம் சிவந்து, இருமிக்கொண்டே, கைபேசியைப் பிடுங்குவதற்காக இரண்டு காலையும் தரையில் வைத்துவிட்டாள். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி என் பக்கம் சுற்றி வந்தாள். நிலாவுக்குப் போனவர்கள்கூட அத்தனை தூரம் நடந்திருக்கமாட்டார்கள். பாதி வழியில்தான் அவளுக்கே விளங்கியது. ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, யாருடைய பாதங்களையோ பார்ப்பதுபோல் தன் பாதங்களைப் பார்த்தாள்.

"கால் நடுங்குதுங்க."

நாற்காலி போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

நானும் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்போதுதான் என் உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

மச்சானின் கைபேசி ஒலித்தது. இல்லத்திலிருந்துதான். அவர் தங்கையையே பார்த்துக்கொண்டு, சட்டையில் படிந்த மாவைத் தட்டக்கூட மறந்து பேசினார்.

"வண்டி வேணாங்க. இல்லைங்க, வேற இடம் எல்லாம் பார்க்கலை. அவ எழுந்து நடந்துட்டா." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆமாங்க, நிஜமாத்தான். நானே பார்த்தேன்."